கொட்டாஞ்சேனை வீட்டில் ஆட்டுப்பால் சீஸ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் உண்டு. அங்கே ஒரு நாள் ஆடு வந்து நின்றது. துறைமுகத்தில் என் கணவரோடு வேலை செய்தவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றவருக்கு ஆட்டை மட்டும் விற்க முடியவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் இறைச்சிக்குத்தான் கேட்டார்களாம். "நீ வச்சிரு மச்சான்" என்று கயிற்றை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது சினை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு குட்டி போட்டது. குட்டி குடித்ததுபோகவும் பால் மிஞ்சியது. அதைக் குடிக்கத்தான் ஆளில்லை. மகள் மூக்கைப் பொத்தினாள். கணவர் தேத்தண்ணியில் விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ஆடு கோப்பைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கப்பா."

கொட்டவும் எனக்கு மனமில்லை. மகள்தான் போனைத் துழாவிவிட்டு, "அம்மா, சீஸ் செய்வம். பாலும் தேசிக்காயும் உப்பும் போதுமாம்" என்றாள்.

பாலைக் காய்ச்சித் தேசிக்காய் என்கிற எலுமிச்சையைப் பிழிந்தோம். திரைந்தது. சந்தோஷத்தில் தேங்காய்ப்பால் வடிக்கும் வடியை எடுத்து அப்படியே ஊற்றினேன். ஆட்டுப்பால் திரளை அவ்வளவு பொடியாக இருக்கும் என்று யார் கண்டது? முக்கால்வாசி வடியால் இறங்கி சிங்க்குக்குள் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. மகள் வடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

"அம்மா, அந்த மணமே இல்லை!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மறுபடியும் செய்தேன். கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து, அவித்துக் காயவைத்து, இரண்டாக மடித்துக்கொண்டேன். இந்தமுறை பாலைப் பொங்கவிடவில்லை. ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்ததும் இறக்கி, தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பேசாமல் மூடிவைத்தேன். திரளை ஒருபக்கம், இளம்பச்சைத் தண்ணீர் ஒருபக்கமாகப் பிரிந்தது. துணியில் வடித்து, உப்புச் சேர்த்து, மூட்டையாகக் கட்டிக் குசினிக் குழாயில் தொங்கவிட்டேன். பிழிந்துவிடச் சொல்லிக் கை குறுகுறுத்தது. பிழியவில்லை.

கணவர் வேலையால் வந்து குசினிக்குள் நுழைந்தார்.

"இதென்ன, குழாயில என்ட வேட்டி தொங்குது?"

"தொடாதேங்கோ!"

"அப்ப நான் எங்க கை கழுவுறது?"

"பின்னால போய்க் கழுவுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டே போனார். வடிந்த தண்ணீரை ஊற்றி ரொட்டிக்கு மாக் குழைத்தேன். ரொட்டி பஞ்சுபோல வந்தது.

அடுத்த நாள் துணியை அவிழ்த்தபோது வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன உருண்டை இருந்தது. பேக்கரியில் வாங்கிய பாணைத் துண்டு போட்டுச் சுட்டு, அதன்மேல் பூசி, மிளகு தூவி, பச்சை மிளகாய் வெட்டிப் போட்டேன். கணவர் முதலில் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு கடித்தார். நானும் மகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது நம்மட ஆட்டின்ட பாலா?"

"ஓம்."

அடுத்த துண்டுப் பாணை எடுத்தார்.

மிச்சத்தைப் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கு ஒரு பீரிசுத் தட்டில் கொடுத்தனுப்பினேன். மதிலுக்கு மேலால் அவரே எட்டிப்பார்த்து, "ஹரி ரசய்!" என்றார்; நல்ல ருசியாம். சும்மா சொல்லவில்லை, பீரிசு நிறையத் தன் மரத்துத் தேசிக்காய் வைத்துத் திருப்பித் தந்தார்.