வேறு நாட்டு ஆமி

அல்ஜீரியா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மாமாவின் வாயால்தான். மாமா என்றால் உம்மாவின் தம்பி. கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓர் இரவு வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி வழியாக ஆயுதங்களோடு வந்தவர்கள் எங்கள் ஊரில் வீடு வீடாகக் கொன்றுவிட்டுப் போனார்கள். மாமியும் அதில் போய்விட்டா. அதற்காக வந்த மாமா பிறகு திரும்பிப் போகவில்லை. பள்ளிவாசலும் வானொலியுமாகவே இருந்தார்.

அந்தத் தூரத்து நாட்டுத் தேர்தலில் மார்க்கப் பற்றுள்ளவர்களின் கட்சி முதற்சுற்றில் பெரிதாக வென்றுவிட்டதாம். மாமா தொதல் என்ற இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். இரண்டாம் சுற்று நடக்கவில்லை. ஆமி, அந்த நாட்டு இராணுவம், தேர்தலை நிறுத்திவிட்டது. வென்றவர்களைப் பிடித்து அடைக்கிறார்கள் என்று அடுத்தடுத்த செய்திகளில் வந்தது. மாமா சோறு தின்னவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஊர்வலம் போவது என்று இளைஞர்களைச் சேர்த்தார். என் எழுத்து உருண்டையாக இருக்கிறது என்று என்னிடம்தான் ஊர்வலத்தில் பிடிக்கும் மட்டைகளைத் தந்தார். ‘சனத்தின் வாக்கை மதி’ என்று கை வலிக்க எழுதினேன்.

ஊர்வலம் என்றால் ஆமி முகாமில் அனுமதி கேட்க வேண்டும். முகாமில் பேச வாப்பா வேண்டும். பொலன்னறுவைக்கு அரிசி ஏற்றிய காலத்தில் அவர் சிங்களம் பழகியிருந்தார். மாமி இறந்த பிறகு ஊர்காவல் படையில் சேர்ந்து, முகாமில் கொடுத்த துப்பாக்கியோடு ஆமியோடு வட்டை எல்லைக்குக் காவலுக்குப் போய்வந்தார்.

“உனக்கென்னத்துக்கு மச்சான் இந்த வேல?” என்று வாப்பா முணுமுணுத்தார். ஆனாலும் மாமாவோடு போனார். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை சைக்கிளில் ஏற்றிவரும் வழி அதுதான் என்பதால் நானும் போனேன்.

கப்டன் இளவயதுக்காரர். பல நாள் தூங்காதவர்போலக் கண்கள் சிவந்திருந்தன. எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார். பேசியதையெல்லாம் வாப்பா அங்குமிங்கும் மாற்றிச் சொன்னார்.

“எந்த ஆமிக்கு எதிரா ஊர்வலம் எண்டு கேக்கிறார்.”

“அவங்கட ஆமி இல்ல எண்டு சொல்லுங்க. வேற நாட்டு ஆமி” என்றார் மாமா.

“அந்த ஆமி என்ன செஞ்சதாம்?”

“சனம் வோட்டுப் போட்டு வெண்ட ஆக்கள ஆள விடல்ல.”

கப்டன் கோபமே இல்லாமல் ஏதோ சொன்னார். மாமா தோளைத் தொட்டபிறகுதான் வாப்பா அதை மாற்றிச் சொன்னார்.

“போகட்டாம். தடுக்கமாட்டாராம். ஆனா ஊர்வலத்துக்குக் காவல் போடணுமாம். இஞ்ச ஆள் காணாதாம். வட்டை எல்லைல நிக்கிற ஆமிய எடுத்துத்தான் போடணுமாம். திரும்ப எப்ப அனுப்பலாம் எண்டு இப்ப சொல்லேலாதாம்.”

எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன். கேட்டது கிடைத்தது, காவலும் கிடைத்தது. மாமாவின் முகம் ஏன் அப்படிப் போனது என்று விளங்கவில்லை. அவர் எழுந்து, “ஊர்வலம் வேணாம் எண்டு சொல்லுங்க மச்சான்” என்றார். கப்டன் தலையசைத்தார். எனக்கு இன்னொரு பிஸ்கட் தந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் கூடியவர்களிடம் மாமா “வீட்ட போங்க தம்பிமார்” என்றார். ஒருவன் முகத்துக்கு நேரே “பயந்தாங்கொள்ளி” என்றான். எனக்கும் மாமாவின்மேல் கோபம்தான். அவ்வளவு மட்டையும் வீணாய்ப் போயிற்றே.

அன்று பின்னேரம் வாப்பா காவலுக்குப் போக ஆயத்தமானபோது மாமா வாசற்படியில் சாய்ந்திருந்தார்.

“மச்சான், அந்த நாட்டுல அந்தச் சனத்துட எல்லைல நிக்கிறது ஆரு?” என்று கேட்டார்.

வாப்பா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்து அட்லஸில் அல்ஜீரியாவைத் தேடினேன். மாமாவிடம் ஓடிவந்து, மொரோக்கோ, மாலி, நைஜர், லிபியா, துனிசியா என்று எல்லையில் நின்ற நாடுகளை மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். கடைசிப் பெயர்வரை பொறுமையாகக் கேட்டார். “கெட்டிக்காரப் புள்ள” என்று என் தலையைத் தடவினார். அவர் கேட்டதற்கு நான்தான் விடை கண்டுபிடித்தேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.