கட்டில் இருந்த இடம்

அந்தத் தெருக்களில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவள் என்று நினைத்து, அவசரமாகப் பெட்டியைத் திறந்துவிட்டவர்கள் உண்டு. அவள் வேலை வேறு. மின்கம்பிகளும் மீட்டர் பலகைகளும் தம்மைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலத்துக்கும், சிறு பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. குழந்தை படுக்கும் இடத்தில் சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கருவியை வைத்து, மறுநாள் எடுத்துப்போவாள். எது நோய் வந்த வீடு என்று அவளிடம் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும். ஏழு வருடமாகச் செய்கிறாள். தன் வீட்டில் மட்டும் அளந்ததில்லை.

அன்று போன வீட்டில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆறு வயதுப் பெண்ணுக்கு இப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. கருவியைப் பார்த்து, "இதுவும் ஊசி போடுமா?" என்றாள்.

"ஊசின்னாலே இதுக்குப் பயம், பாப்பா," என்றாள் மீட்டரக்கா.

படிவத்தைப் பிரித்து, "ரெண்டு வருஷம் முன்னாடி கட்டில் எங்க இருந்ததுங்க?" என்று தாயிடம் கேட்டாள்.

"இங்கதான். ஜன்னலோரம். எப்பவும் இங்கதான்."

எதிர்ச் சுவரில் மீட்டர் பலகை. அதன் கீழே தரையில், இரும்புக் கட்டிலின் கால்கள் பதிந்த நான்கு துருக்கறைகள். மீட்டரக்கா குனிந்து ஒன்றை விரலால் தேய்த்தாள்.

"போகாதுங்க. நானும் தேய்ச்சுப் பாத்துட்டேன்," என்றாள் தாய். கொஞ்சம் கழித்து, "வெயில் படுதேன்னு நான்தான் அங்க போட்டேன். அதனாலதான் வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. மாமியாரும் சொல்றாங்க."

மீட்டரக்கா கறைகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டு, தலையணை உயரத்தில் கருவியை வைத்தாள்.

மறுநாள் தாய் வாசலிலேயே நின்றிருந்தாள். மீட்டரக்கா கருவியை எடுத்துப் பார்த்ததும், "எவ்வளவு?" என்றாள்.

சொல்லக்கூடாது என்பது விதி. ஆனாலும் மீட்டரக்கா சொல்லிவிட்டாள். "மத்த வீடுகள்ல இருக்கிற அளவுதாங்க."

நிம்மதியாவாள் என்று மீட்டரக்கா நினைத்தாள். தாயின் முகம் வாடிப்போனது.

"அப்போ வேற எதனால?"

தன் குற்றம் என்பதாவது அதுவரை ஒரு காரணமாக இருந்தது.

"தெரியலைங்க. கூடுதலா காட்டியிருந்தாலும், இதனாலதான்னு என்னால சொல்லியிருக்க முடியாது."

"எல்லாரும் தெரியும்னுதான் சொல்றாங்க."

தாய் கறைகளைப் பார்த்தாள். பிறகு, "கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிடட்டுமா?" என்றாள்.

"படுக்கிறவங்களையே கேளுங்க."

மகள் யோசிக்கக்கூட இல்லை. "வேணாம்மா. ஜன்னலுக்குத்தான் பூனை வரும்."