தோளைப் பார்க்கிறவர்

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். தோளைத்தான் பார்ப்பார். பெயரை நான் கேட்கவில்லை.

ஆறு வயது மகளோடு போயிருந்தேன். கரி எஞ்சின் கூவினால்கூட நடுங்குகிற பிள்ளை. தென்காசி டாக்டர் உடம்பில் கோளாறில்லை என்றுவிட்டார். அருவியில் நின்றால் பயம் தெளியும் என்று யாரோ சொன்னார்கள்.

"பிள்ளைக்குத் தலையில எண்ணெ வைக்கணும்" என்றேன்.

எங்கள் தோள்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் தோள் காதுகிட்ட நிக்கு. முதல்ல நீங்க உக்காருங்க, அண்ணாச்சி. அவ கைய ஏன் இந்தப் பிடி பிடிக்கிய?"

"விட்டா தண்ணி இழுத்துரும்வே."

"யார இழுத்துச்சு?"

என் தம்பியை. சிற்றாற்றில், எனக்கு எட்டு வயதில். மகளிடம் சொன்னதேயில்லை. அவள் கையை விடாமல் உட்கார்ந்தேன்.

உச்சியில் எண்ணெய் இறங்க இறங்கக் கண் சொருகியது. விழித்தால் கையில் அவள் கை இல்லை. ஓரமாகக் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். பதறி எழப்போனேன். அவர் இரண்டு கையாலும் என் தோளை அழுத்தினார்.

"எந்திரிக்காதீய. உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கா."

சிரித்துக் காட்டினேன். அவள் தோள் மெல்லத் தாழ்ந்தது. என் தோளை அவர்தான் அமுக்கிப் பிடித்திருந்தார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.