ஜன்னலுக்கு வெளியே கேட்ட அரபு

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கொட்டகலைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த மத்ரஸாவில் நான் அரபு இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அங்கேயே தங்கி ஓதினார்கள். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவேன். ஆனால் அரபில் ஒரு வாய் தண்ணீர் கேட்க எனக்கு வராது. அதை ஒரு குறையாக அதுவரை யாரும் நினைத்ததில்லை.

எகிப்தில் படித்துவிட்டு ஓர் இளம் மௌலவி வந்து சேர்ந்தார். நண்பகல் லுஹர் தொழுகையிலிருந்து பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் பிள்ளைகள் அரபிலேயே பேச வேண்டும் என்று புதிதாக ஒரு திட்டம் போட்டார். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் தட்டுக் கழுவும் இடத்திலும் அரபில் பேசிச் சிரித்தார்கள். நான் பக்கத்தில் போனால் சிரிப்பு நின்றுவிடும். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

மத்ரஸா நிர்வாகி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவரிடம் போய், "அந்த வகுப்புல ஓதுற சத்தமே இல்லீங்க. ஒரே கூத்தும் சிரிப்புமா இருக்கு" என்றேன்.

மறுநாள் அவர் வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது; இருவரும் ஜன்னலுக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தின் கீழ் நின்று கேட்டோம். உள்ளே ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். இன்னொருவன் ஏதோ பதில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க, ஹஸ்ரத்?" என்று நிர்வாகி என்னைக் கேட்டார்.

ஒன்றிரண்டு சொல் தவிர எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "ஓதிக்கொடுக்கிறவங்களக் கேலி பண்றாங்க" என்று சொல்லிவிட்டேன்.

நிர்வாகி நேரே உள்ளே போய்க் கேட்டார். மௌலவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். என் வண்டவாளம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மழைச் சத்தத்துல ஹஸ்ரத்துக்குச் சரியா கேட்டிருக்காதுங்க. தோட்டத்து டிஸ்பென்சரி மாதிரி நடிக்கிறாங்க. இவன் வயித்துவலிங்கிறான், அவன் இருமல் மருந்தக் குடுக்கிறான்."

நிர்வாகிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எந்த நோய்க்குப் போனாலும் தோட்டத்தில் ஒரே மருந்துதான்.

என்னை ஏன் காப்பாற்றினார்? பின்னால் எதற்காவது மடக்கவா? வாரக்கணக்கில் அவரை நோட்டம் விட்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல் நானே போய்க் கேட்டேன்.

"உங்களுக்குப் பேச்சு வரல, பிள்ளைகளுக்கு இலக்கணம் வரல, ஹஸ்ரத். நாளைக்கு வகுப்புக்கு வாங்க. அவங்க தப்பா பேசுனா திருத்துங்க" என்றார்.

போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தும்படி அரபில் சொன்னேன். அந்தச் சொல் புத்தகத்தில் மட்டுந்தான் இருக்கிறது, பேச்சில் வேறு சொல் என்று ஒரு பிள்ளை மரியாதையாகத் திருத்தினான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று மௌலவி முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பாரோ என்று அதையும் சில நாள் சந்தேகப்பட்டேன்.