பன்னிரண்டாவது முள்ளுக்கரண்டி

யாருடைய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் நான் முதலில் முள்ளுக்கரண்டியைத் திருப்பித்தான் பார்ப்பேன். நாகரிகமில்லாத பழக்கம், தெரியும். கல்யாண மண்டபங்களில்கூட விட்டதில்லை. கரண்டி சரியாகக் கழுவப்படவில்லை என்று நான் குறை பிடிப்பதாக நினைத்து, எங்கள் தமிழ் ஆட்கள் ஓடிப்போய் வேறொன்று எடுத்து வந்து தந்திருக்கிறார்கள்.

நான் தேடுவது பின்பக்கத்து எழுத்துகளை. ஸ்டெர்லிங் என்று பொறித்திருந்தால் நல்ல வெள்ளி. இல்லாவிட்டால் பெரும்பாலும் மேற்பூச்சு. பழைய அமெரிக்கப் பட்டறைகள் அதோடு தங்கள் குறியையும் குத்தி வைத்தன. சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து, மூன்றும் வரிசையாகத் தெரிந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு எல்லாவற்றுக்கும் தனிக் கரண்டி வேண்டியிருந்தது. வெட்டிய தக்காளியை எடுக்க ஒன்று, சார்டின் மீனுக்கு ஒன்று, ஐஸ்கிரீமுக்கு முள் வைத்த ஒன்று. ஐந்து விரலால் அத்தனை வேலையையும் முடித்துவிடும் எங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் அந்தச் சிரிப்போடுதான் நான் அவற்றை வாங்குகிறேன்.

கியூபெக்கில் நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸில் எங்கள் முன்வீட்டு மனுஷிக்கும் இதே பைத்தியம். எழுபது வயது தாண்டிய கியூபெக்காரி, தனியாக இருக்கிறார். நானும் அவரும் வருடக்கணக்காகத் தெருவின் குறுக்கே பிரெஞ்சில் "bonjour" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு தேவாலய நிலவறையில் பழைய சாமான் விற்பனை. கரண்டிகள் கிடந்த ஒரு பெட்டிக்குள் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் போயின. நிமிர்ந்து பார்த்தால் முன்வீட்டுக்காரி. அன்றிலிருந்து பனி கரைந்ததும் அவருடைய காரில் இருவரும் ஊர் ஊராக நிலவறை ஏறி இறங்குகிறோம்.

என்னிடம் இருந்தவை ஒரே கோலத்தில் பதினொரு முள்ளுக்கரண்டிகள். பிடியில் லில்லிப் பூக்கள் தண்டோடு வளைந்து ஏறும். ஒன்றொன்றாகச் சேர்க்க எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. பன்னிரண்டாவது அகப்படவேயில்லை; வெள்ளிக் கரண்டிகளை வைக்கும் பெட்டியில் அதற்கான பள்ளம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதே கோலத்தில் ஒன்றே ஒன்று முன்வீட்டில் இருந்தது. அவருடைய தாயின் தொகுதியைச் சகோதரங்கள் பிரித்து எடுத்தபோது இவருக்கு மிஞ்சியது அது. தாய் இடக்கைக்காரி. சாப்பிட்டுச் சாப்பிட்டு முட்கள் வழமைக்கு எதிர்ப்பக்கத்தில் தேய்ந்திருக்கும். தாயினுடையது என்று சொல்ல அவரிடம் வேறு எதுவும் இல்லை.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வீட்டில் மத்தியானச் சாப்பாடு வைத்தேன். மேசைக்குப் பன்னிரண்டு பேர், முன்வீட்டுக்காரியும் ஒருவர். இரண்டு நாளைக்கு முன் அவர் தன்னுடைய முள்ளுக்கரண்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். ஒரு நாளைக்காவது பன்னிரண்டும் சேர்ந்து இருக்கட்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி என் கணவர். எங்கள் தேவாலயப் பங்கில் திருவிழாச் சமையல் என்றால் முப்பது வீட்டுச் சட்டிகள் மண்டபத்துக்குப் போகும், எல்லாம் ஒரே மாதிரி. அதனால் எங்கள் ஆட்கள் சட்டி வாங்கியதும் எழுத்து வெட்டுவார்கள். இவரிடம் அதற்கென்றே உலோகத்தில் கீறும் மின்சாரக் கருவி ஒன்று இருக்கிறது. ரைஸ் குக்கர், பனி வழிக்கும் சவள், எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. விருந்தன்று காலை நான் ஆட்டிறைச்சிக் கறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மனிதர் கராஜிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கையில் வெள்ளிப் பெட்டி.

"இஞ்சை பாருமப்பா, இனி ஒருத்தரும் மாறி எடுத்துக்கொண்டு போகேலாது."

ஒவ்வொரு பிடியின் பின்னாலும் என் பெயரின் முதலெழுத்து, தமிழில், கோழி கிளறியது போல.

"பன்னிரண்டிலையும் போட்டிட்டீங்களோ?"

"ஓம், பின்னை?"

கறி அடிப்பிடித்தது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவருக்கு விஷயம் விளங்கியதும் முகம் செத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார். தேய்ந்த முட்களை வைத்து அடையாளம் கண்டு முன்வீட்டுக்காரியுடையதை எடுத்துப் பார்த்தேன். எழுத்து ஆழமாகவே இறங்கியிருந்தது. எழுத்து கீழே போகும்படி மேசையில் வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எங்கே போனாலும் முள்ளுக்கரண்டியைத் திருப்பிப் பார்க்கிற மனுஷியிடமா மறைப்பது? அதை எடுத்துக்கொண்டு ஏப்ரனோடேயே தெருவைக் கடந்தேன். இந்த வயதில் எனக்கு வேறு சிநேகிதி கிடைக்கமாட்டாள் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். இது என்ன எழுத்து என்று கேட்டார். என் பெயரின் முதலெழுத்து என்றேன். பெருவிரலால் அதைத் தடவினார். பிறகு பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்:

"என் பிள்ளைகளுக்கு இது பழைய சாமான். நான் போனதும் ஏதாவதொரு நிலவறைப் பெட்டிக்குள் கிடக்கும். இந்த எழுத்தைக் கண்டால் யாருடையது என்று கேட்பார்கள். கேட்டால் உம்மிடம் வந்துசேரும்."

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். உமது கணவரின் கையெழுத்து மட்டும் படு மோசம் என்று என் தோளுக்கு மேலால் சொன்னார்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. பன்னிரண்டும் மேசையில் மின்னின. அடிப்பிடித்த கறியை ஒருவரும் குறை சொல்லவில்லை. என் கணவர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு முன்வீட்டுக்காரிக்கு மூன்று முறை சோறு போட்டார். பாத்திரம் கழுவி முடிந்ததும், பிராயச்சித்தம் என்று நினைத்தோ என்னவோ, வெள்ளிப் பெட்டியைத் திறந்து, இதில் வையுங்கள் என்பதுபோல் பன்னிரண்டாவது பள்ளத்தை அவருக்கு நேரே நீட்டினார். அவர் தன்னுடையதைத் துடைத்து, துணியில் சுற்றி, கைப்பைக்குள் போட்டு, ஸிப்பையும் இழுத்தார்.

"நான் இன்னும் சாகவில்லை."

வீடே சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன். ஒன்பது வருடமாக அந்தப் பள்ளத்தை நிரப்ப ஊரெல்லாம் அலைந்தவள், மாதாவே இது கனகாலம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு பெட்டியை மூடினேன்.