அவிழ்க்கக் கூடாத முடிச்சு

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. பதினோரு வருஷமாகப் பழைய பொருள்களுக்கு நம்பர் போட்டு, அளவெடுத்து, இழுப்பறையில் வைக்கிற வேலை பார்க்கிறவள். அதனால் நேரத்தையெல்லாம் சரியாகவே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பேயைவிட என் தப்புதான் பெரிது.

என் பெயர் பெர்லிதா. பிறந்தது பிலிப்பைன்ஸில், இலோகோஸ் பக்கம். இருப்பது அமெரிக்காவின் வடக்கே, வருஷத்தில் ஐந்து மாதம் பனி கொட்டுகிற ஒரு பல்கலைக்கழக ஊரில். அந்தப் பல்கலைக்கழக மியூசியத்தின் நிலவறையில் எங்கள் நாட்டுச் சாமான்கள் மட்டுமே நாலாயிரத்துச் சொச்சம் கிடக்கின்றன. கூடை, ஈட்டி, சீப்பு, நெல்லுக்குக் காவல் இருக்கும் மரப்பொம்மைகள். யார் வீட்டிலிருந்து எப்படி வந்தன என்று கேட்டால் பாதிக்குமேல் பதில் கிடையாது. நானும் கேட்டதில்லை. சம்பளம் வந்தது, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை. பகல் 1.40. பனிப்புயல் வருகிறது, இரண்டரைக்குள் எல்லோரும் கிளம்பிவிடுங்கள் என்று செய்தி வந்துவிட்டது. எனக்கு இன்னும் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. பதினாலாம் இழுப்பறை. எங்கள் மலைநாட்டுத் தாய்மார் குழந்தையை முதுகில் கட்டிச் சுமக்கும் துணி. நீலமும் வெள்ளையும் கோடு கோடாக. இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. கூடவே ஒரு பழுப்பு அட்டை: ‘முடிச்சை அவிழ்க்க வேண்டாம்.’ ஏன் என்று எழுதவில்லை.

விரித்து வைத்தால்தான் படம் நன்றாக வரும். அவசரம் வேறு. அவிழ்த்தேன்.

நூறு வருஷத்து முடிச்சு, நகம் பிய்ந்துவிடும் என்று நினைத்தேன். தொட்டதும் வந்துவிட்டது. துணியின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. கேமரா விளக்கின் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கை நான் இன்னும் போடவே இல்லை.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஆறு, காடு, பழகாத இடம் என்று எங்கே போனாலும், கிளம்பும்போது நம்மை நாமே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு மட்டும் வீடு வந்து சேரும், உயிர் அங்கேயே தங்கிவிடும். பதினோரு வருஷமாக அந்த அறையைப் பூட்டும்போது தினமும் சொல்லி வந்தேன். “பெர்லிதா, வா, வீட்டுக்குப் போலாம். இங்கயே நின்னுடாதே.”

அன்றைக்கு 2.10 மணி. சாவியைத் தேடிக்கொண்டே சொன்னேன். என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன்.

“வா, வீட்டுக்குப் போலாம். இங்கயே நின்னுடாதே.”

நிலவறை நடையில் ஆள் வந்தால் விளக்கு தானாக எரியும். ஆள் தாண்டியதும் அணைந்துவிடும். நான் நடந்தேன். பாதி வழியில் பின்னால் ‘டக்’ என்று சத்தம். திரும்பினேன். அணைந்த விளக்கு மறுபடி எரிந்தது. யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த விளக்கு... டக். அப்புறம் அதற்கடுத்தது. மெதுவாக. சின்னக் கால் வைத்து நடக்கிற வேகத்தில்.

நான் ஓடவில்லை. ஓடினால் அதுவும் ஓடி வரும் என்று தோன்றியது.

2.26. காரைக் கிளப்பினேன். டிங்... டிங்... டிங்... பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. சீட் காலி. என் பைகூடப் பின்சீட்டில் கிடந்தது. பழுதாக இருக்கும் என்று சீட்டைத் தட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியில் அந்தக் காலி சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

நின்றது.

சிக்னலில் ஓரக்கண்ணால் பார்த்தேன். காலி சீட்டில் பெல்ட் தட்டையாகத்தானே கிடக்க வேண்டும்? கிடக்கவில்லை. மேடாக... எதையோ சுற்றி நின்றது.

எழவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வழியில் ஒரு கடையில் ஏறி இறங்க வேண்டும். கூட வந்தது அங்கே கூட்டத்தில் வழிதவறி நின்றுவிடும். நானும் கடை தேடினேன். டோனட் கடை இருட்டு. பெட்ரோல் பங்க் இருட்டு. புயலுக்கு ஊரே கதவைச் சாத்திவிட்டது. போகிற வழியில் ஒரே ஒரு ஜன்னலில்தான் வெளிச்சம் தெரிந்தது. ஃப்ளோர்தெலிசாவின் வீடு.

ஃப்ளோர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த ஊரில் எனக்குத் தங்கை மாதிரி. அவளும் அவளுடைய ஐந்து வயது மகள் மீக்காவும்தான் அந்த வீட்டில்.

2.51. கதவைத் தட்டினேன்.

“ஐயோ, அக்கா! இந்தப் பனியில யாரு உங்கள வெளிய விட்டது? வாங்க வாங்க. சாப்டீங்களா?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு...”

“சும்மாவா? வருந்தி வருந்திக் கூப்பிட்டாலும் வராத ஆளு!”

இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு திரும்பியவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“அக்கா, நெசமாச் சொல்லுங்க. எழவு வீட்டுக்கு எதுக்காச்சும் போயிட்டு வர்றீங்களா? பிள்ளை இருக்கிற வீடு, சொல்லிட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டாள்.

“சேச்சே. வேலையிலருந்து வர்றேன்.”

வார்த்தைக்கு அது உண்மைதான். ஆனால் நான் பொய்தான் சொன்னேன்.

மீக்கா கிண்ணங்களை எடுத்து வந்து வைத்தாள். நாலு கிண்ணம்.

“மூணு பேருதானேடி?” என்றாள் ஃப்ளோர்.

மீக்கா எனக்குப் பின்னால் பார்த்தாள். நாலாவது கிண்ணத்தைத் தன் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாயில் கஞ்சி இருந்தது. விழுங்கினேன். சொல்லவில்லை.

3.25. காருக்கு வந்தேன். பக்கத்து பெல்ட்டைக் கழற்றினேன். காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. வழியெல்லாம் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். அந்தப் பாட்டைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை 6.05. ஃப்ளோரின் போன்.

“அக்கா, மீக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. மூணு நாளா கோட்டு, ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு வாசக்கதவுகிட்டயே உக்காந்திருக்கா. ‘எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?’ங்கறா. இதுதான்டி வீடுன்னு சொன்னா...”

“சொன்னா?”

“‘நான் கேக்கலம்மா. அவ கேக்கறா’ங்கறா.”

மறுநாள் காலையிலேயே போனேன். ஃப்ளோர் அடுக்களைக்குள் போன சமயம் பார்த்து, வாசலில் குனிந்து, யாருமில்லாத இடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னேன். “வா, வீட்டுக்குப் போலாம். இங்கயே நின்னுடாதே.”

மீக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவ வரமாட்டாளாம்.”

“ஏன்?”

“அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்களாம்.”

காரில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை.

திங்கட்கிழமை மியூசியத்தின் பழைய காகிதங்களைத் தோண்டினேன். அந்தத் துணியைக் கொடுத்தவனின் நோட்டு கிடைத்தது. பொருட்காட்சியில் நிறுத்திக் காட்ட மலையிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றி வந்தவன் அவன். கூட வந்த ஒரு பெண் குழந்தை, நாலு வயது, குளிர் தாங்காமல் இருமி இருமி இந்த ஊரிலேயே செத்துப்போயிருக்கிறாள். பிள்ளையை இங்கே விட்டுவிட்டுக் கப்பல் ஏறமாட்டேன் என்று தாய் புரண்டு அழுதிருக்கிறாள். கடைசியில் முடிச்சுப் போட்ட துணியை அவன் கையில் கொடுத்து ஒன்று சொல்லியிருக்கிறாள். இந்த முடிச்சு இருக்கும்வரை என் மகள் என் முதுகில்தான் தூங்குகிறாள். ஊருக்குக் கொண்டுவரும் நாளில் அவிழ்த்துவிட்டு, இப்படிக் கூப்பிடுங்கள், எழுந்து வந்துவிடுவாள் என்று.

அவள் சொன்ன வார்த்தைகளை அவன் அப்படியே எழுதி வைத்திருந்தான். மலையிலும் எங்கள் பாஷைதான் சந்தைப் பேச்சு. எனக்கு அர்த்தம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வா, வீட்டுக்குப் போலாம். இங்கயே நின்னுடாதே.

அதற்குக் கீழே ஒரு வரி. ‘வசந்தகாலத்தில் அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சும்மா, அவள் அழுகையை நிறுத்துவதற்காக.’

நானும் சும்மாதான் சொன்னேன்.

முடிச்சை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. ஃப்ளோரிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. அந்த நோட்டைப் பற்றியும் நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

நேற்று அவளே கூப்பிட்டாள். மாலை 4.12.

“மீக்கா சரியாயிட்டா அக்கா. ஷூவைக் கழட்டிட்டா. கதவுகிட்ட இப்ப உக்கார்றதில்ல.”

“அப்பாடா...”

“எனக்குத்தான் ரெண்டு நாளா முதுகு வலி. நிமிரவே முடியல. குனிஞ்சேதான் நடக்கறேன்.”

“ஆஸ்பத்திரியில ஏதாச்சும் கனமாத் தூக்கினியா?”

“அதெல்லாம் இல்லக்கா. என்னமோ... நாலு வயசுப் பிள்ளைய முதுகுல கட்டிச் சுமக்கற மாதிரி இருக்கு.”