இரண்டாம் முறை பிழிந்த புண்ணாக்கு

என் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மயிலாப்பூரில், எங்கள் அடுக்ககத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்தார். வாழ்நாளெல்லாம் வட்டிக் கணக்குப் பார்த்தவர் எள்ளைத் தொட்டதே அப்போதுதான். ஆனால் பேச்சைக் கேட்டால் செக்கடியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று தோன்றும்.

எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கைப் பால்காரம்மாவுக்குக் கொடுத்துவிடுவோம். அவள் பின் சந்தில் ஒரு பசு வைத்திருக்கிறாள். புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு கலந்து மாட்டுக்கு வைப்பாள். பதிலுக்கு எங்கள் வீட்டுக் காபிக்குப் பால் தருவாள். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் அந்தப் புண்ணாக்கு லேசாக இனிக்கும். கையில் எடுத்தால் விரலெல்லாம் எண்ணெய் பிசுபிசுக்கும். எங்கள் அடுக்ககத்தில் பாக்கெட் பாலை மதிக்காத வீடுகள் எல்லாம் அவளிடம்தான் வாங்கின. எங்கள் எண்ணெயைவிட அவள் பாலுக்குத்தான் பெயர் அதிகம். அதில் இவருக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

புண்ணாக்கில் எண்ணெய் தங்கிவிடுகிறது என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. “இத்தனை எண்ணெயையும் மாடு தின்னுண்டிருக்கு” என்றார், ஏதோ மாடு வாராக்கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டதுபோல. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் சொல்லி, இரும்பில் ஒரு பிழியும் மெஷின் செய்து வாங்கினார். செக்கிலிருந்து வந்த புண்ணாக்கு அதில் இன்னொரு முறை பிழிபட்டது. வந்த எண்ணெயை, விளக்கேற்ற என்று புட்டியில் அடைத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கிப் போனார்கள். வீணாய்ப் போனதைப் புண்ணியமாக்கிவிட்டதாக, வாக்கிங் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சில வாரங்களில் எங்கள் வீட்டுக் காபி நீர்த்துப்போனது. முதலில் காபிப்பொடிக் கடையைத் திட்டினார். பிறகு ஃபில்டரை மாற்றினார். அப்புறம் என் கைப்பக்குவத்தைச் சந்தேகித்தார். கடைசியில் பாலுக்கு வந்து சேர்ந்தார். “தண்ணி கலக்கறா” என்று முடிவு கட்டி, அதை என்னிடம் சொன்னதோடு நிறுத்தாமல் லிஃப்டில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் தங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது என்றார்கள். ஒவ்வொரு வீடாகப் பாக்கெட்டுக்கு மாறியது.

பால்காரம்மா சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் பசுவையே ஓட்டிக்கொண்டு வந்து அடுக்ககத்து வாசலில் நிறுத்தினாள். காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு எங்கள் கண்ணெதிரே கறந்தாள். அந்தக் காலத்தில் சந்தேகப் பிராணிகளின் வீடுகளில் இப்படித்தான் கறப்பார்களாம்.

“பாத்துக்க சார். இதுல தண்ணி எங்க கீது?”

இவரும் நானும் வாட்ச்மேனும் மட்டும்தான் பார்த்தோம். மற்றவர்கள் பால்கனியிலிருந்துகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாலில் போட்ட காபியும் நீர்த்துத்தான் இருந்தது. இவர் வெகுநேரம் டம்ளரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இல்லையென்றால் தீவனத்தில்தான் கோளாறு என்று தோன்ற, அன்றைக்குக் கடைக்குப் போய்ப் புண்ணாக்கை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. விரலில் ஒரு பிசுக்கும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

“அவ தண்ணி விடலை. மாட்டுக்குப் போக வேண்டியதை நீங்கதான் எடுத்து விளக்குக்கு வித்துண்டிருக்கேள்” என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தவில்லை. ஆசைப்பட்டுச் செய்து வாங்கியதாயிற்றே. பிழிந்தெடுத்த எண்ணெயையே கரண்டியால் மொண்டு, திரும்பவும் புண்ணாக்கின் தலையில் ஊற்றிப் பிசைந்து அனுப்பினார். கரண்ட் செலவழித்து எடுத்ததைக் கையால் திருப்பிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘செறிவூட்டிய தீவனம்’ என்று பெயரும் வைத்தார். கொஞ்ச நாளில் காபி பழையபடி ஆனது, எங்கள் வீட்டில் மட்டும்.

ஒரு காலையில் பால்காரம்மா பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மாடு நல்லா துன்னுது சார். பாலும் நல்லாத்தான் கீது. வாங்கத்தான் ஆளு இல்ல. தண்ணிப் பால்காரின்னு நீ வெச்ச பேரு அப்படியே கீது.”

அவள் குரலில் கோபம் இல்லை. என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவர் காபியைக் குடித்து முடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். கடைக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். லிஃப்டைத் தாண்டிப் படியேறினார். மேல்வீட்டு மணி அடிப்பது கேட்டது. கதவு திறந்தது.

“பால்ல தண்ணி கலந்தது அவ இல்லை மாமி” என்றார். “நான்தான்.”